கல் எங்கே நிற்கிறது?

20 ஆண்டுகளாக நில அளவை. கல்லை நம்பிப் பிழைக்கும் வேலை இது. "எல்லைக் கல் நகர்ந்துவிட்டது" என்று யாராவது மனு கொடுத்தால், நகர்த்தியவர் பக்கத்துத் தோட்டக்காரர்தான் என்று மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் புல வரைபடத்தைக் கையில் எடுப்பேன். அந்தப் பழக்கத்துக்குக் கோத்தகிரியில் ஓர் அடி விழுந்தது.

மலைச் சரிவில் சங்கிலி பிடித்தவர்களுக்குத் தெரியும், தேயிலைச் செடிகளுக்கு நடுவே அளவு ஒருநாளும் நேராகப் போகாது. ஆகவே செயற்கைக்கோள் உதவியோடு இடத்தைத் துல்லியமாகக் காட்டும் டிஜிபிஎஸ் கருவி கைக்கு வந்ததும் விடுதலை கிடைத்ததுபோல் இருந்தது. மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமாக ஊரைச் சுற்றி மூன்று கட்டுப்பாட்டுக் கற்களை நட்டு, அவற்றின் இருப்பிடத்தைக் கணக்கிட்டுப் பதிவேட்டில் ஏற்றினோம். ஏழு ஆண்டுகள் கழித்து, வேறொரு வேலைக்காக அதே கற்களின் மேல் முக்காலியை நிறுத்தி, உலகெங்கும் உள்ள நிரந்தர ஜிபிஎஸ் நிலையங்களோடு ஒப்பிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டேன். முதல் கல் பழைய இடத்திலிருந்து 38 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது.

கருவியின் மட்டம் காட்டும் குமிழியைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்று மறுநாளும் போனேன். மாற்றமில்லை. மேலதிகாரி இதை என் கவனக்குறைவு என்றே முடிவு செய்தார். விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் வந்தது.

குறிப்பாணையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டு கற்களுக்கும் போனேன். இரண்டாவது கல் வடக்கே 24, கிழக்கே 30 சென்டிமீட்டர்; நேர்கோட்டில் அதே 38. மூன்றாவதும் அப்படியே. மூன்றுக்கும் இடையிலான தூரமோ சில மில்லிமீட்டருக்குள் பழையபடியே இருந்தது. மூன்று கற்களை ஒரே அளவு, ஒரே திசையில் நகர்த்தி நடுவது எந்தத் தோட்டக்காரராலும் ஆகாத காரியம். நீலகிரியையே சுமந்துகொண்டு, நம் நிலத்துக்கு அடியிலுள்ள பெரும் பாறைப் பலகையான இந்தியத் தட்டு வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது, ஆண்டுக்கு 5 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கும் நிரந்தர ஜிபிஎஸ் நிலையமும் இதே வேகத்தைத்தான் காட்டுகிறது.

குறிப்பாணைக்குப் பதில் எழுதத்தான் வெகெனரைப் படித்தேன். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் சொன்ன அந்த ஜெர்மானியர், அதைக் கிரீன்லாந்தில் அளந்து காட்டவும் பார்த்தார். 1823, 1870, 1907 ஆகிய ஆண்டுகளில் அங்கே எடுத்த தீர்க்கரேகை அளவுகளை ஒப்பிட்டு, ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்கிறது என்றார். உண்மையில் அது சென்டிமீட்டர் கணக்கு. அவர் சொன்னது சரி, கையிலிருந்த அளவுதான் பிழை. என் நிலைமை நேர் எதிர். அளவு சரியாக இருந்தது, எனக்குத்தான் புரியவில்லை. 1930-இல் அவர் கிரீன்லாந்துப் பனியிலேயே இறந்துபோனார்.

இங்கே நீலகிரியில் உடைக்கிற கருங்கல் பெரும்பாலும் சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் கிடக்கும் கல்லை வைத்து இட்ட பெயர் அது. கல் போனதென்னவோ நம் பல்லாவரம் பக்கமிருந்துதான். நீலகிரிப் பாறைக்கு ஏறத்தாழ 250 கோடி வயது. இதன் பங்காளிகள் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்க்டிகாவிலும் இருக்கிறார்கள். கோண்டுவானா என்ற ஆதிப் பெருங்கண்டத்தின் கூட்டுக் குடும்பத்தில் நடந்த பாகப்பிரிவினை அது. மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்தே ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

அந்த வாரமே ஓர் அண்ணன் தம்பி வழக்கு வந்தது. ஒன்றரை அடித் தகராறு. தேயிலைத் தூருக்குள் பாசி பிடித்துச் சாய்ந்திருந்தது கல். வாய் சும்மா இருக்காமல், மலையே நகர்கிற கதையை அவர்களிடம் சொல்லிவிட்டேன். தம்பி யோசித்துவிட்டு, "அப்படியானால் நான் நகர்த்தவில்லை என்று எழுதிக் கொடுங்கள் சார்" என்றார். "நகர்ந்தால் என் கல்லும் உன் கல்லும் சேர்ந்துதானேடா நகரும்!" என்று அண்ணன் பாய்ந்தார். நான் மூன்று நாள் அலைந்து கண்டதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

பக்கத்து நான்கு கற்களிலிருந்து டேப் பிடித்தோம். ஒன்றரை அடி வித்தியாசம் தப்பாமல் நின்றது.

இப்போதெல்லாம் களப் புத்தகத்தில் இருப்பிடம் எழுதும்போது, அளந்த தேதியையும் அதே வரியில் எழுதுகிறேன்.