பெனடெக் மேல் போட்ட பழி

1866 ஜூலை 3, கோனிக்ராட்ஸ் போர். இன்றைய செக் குடியரசில் இருக்கும் ஊர். ஒரே பகலில் ஆஸ்திரியாவின் கையிலிருந்து ஜெர்மன் நாடுகளின் தலைமை நழுவி, வட ஜெர்மன் அரசான பிரஷ்யாவிடம் போய்விட்டது.

பிரஷ்யர்களின் டிரைசே துப்பாக்கிதான் ஜெயித்தது என்பார்கள். பாதி உண்மை. அதில் குண்டைப் பின்பக்கமாகப் போடலாம், தரையில் படுத்தபடியே. ஆஸ்திரியச் சிப்பாயோ எழுந்து நின்று, குழாய் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இடித்து இறக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் நெஞ்சு முழுக்க எதிரிக்குத் தெரியும். ஆனால் ஆஸ்திரியப் பீரங்கிகள் அன்று அபாரம். மதியம் வரை பிரஷ்யர்கள் திணறத்தான் செய்தார்கள். வடக்கிலிருந்து பிரஷ்யப் பட்டத்து இளவரசரின் படை வந்து க்லும் கிராமத்தைப் பிடித்த பிறகுதான் எல்லாம் தலைகீழானது.

எனக்கு ஆறவே ஆறாதது ஆஸ்திரியத் தளபதி பெனடெக்கின் கதை. அவர் அறிந்த களம் வட இத்தாலி. இந்தப் போர் நடந்த பொஹீமியா வேண்டாம் என்று சொன்னவரை வற்புறுத்தி அனுப்பினார்கள். போருக்கு இரண்டு நாள் முன்பே, எப்படியாவது சமாதானம் செய்துகொள்ளுங்கள் என்று ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்புக்குத் தந்தி அடித்தார். முடியாது என்று பதில் வந்தது. தோற்றதும் மொத்தப் பழியும் அவர் தலையில். எதையும் வெளியில் சொல்வதில்லை என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். 1881இல் சாகும்வரை அந்த வாக்கைக் காப்பாற்றினார். அந்தத் தந்தியைப் படித்த பிறகும் சண்டைக்கு வழிவிட்ட பிரான்ஸ் ஜோசப்தான் முதல் குற்றவாளி என்பேன்.