நீலப் புள்ளிகள்

நேற்று ராத்திரி இருட்டறையில் உட்கார்ந்து, கொலஸ்ட்ராலில் ஒட்டிக்கொள்ளும் ஃபிலிப்பின் (filipin) என்ற சாயம் ஏற்றிய செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புற ஊதா ஒளி பட்டதும் கொலஸ்ட்ரால் நீலமாக ஒளிரும். சீக்கிரமே மங்கியும் விடும். மளமளவென்று படமெடுக்க வேண்டும். நீமன்-பிக் சி என்ற அரிய பரம்பரை நோயுள்ள ஒரு குழந்தையின் தோல் செல்கள் அவை. உட்கருவைச் சுற்றிக் கொத்துக் கொத்தாய் நீலப் புள்ளிகள். எல்லாம் செல்லின் செரிமானப் பைகளான லைசோசோம்களில் தேங்கிய கொலஸ்ட்ரால்.

இந்த நோயின் பெயரையே சுருக்கிச் சூட்டிய என்பிசி2 புரதம் கொலஸ்ட்ராலை ஏந்தி வந்து, லைசோசோம் சவ்வில் பதிந்திருக்கும் என்பிசி1 புரதத்தின் கையில் கொடுக்கும். அது வெளியே கடத்திவிடும். இரண்டில் ஒன்று பழுதானாலும் சரக்கு அங்கேயே முடங்கிவிடும். என்பிசி1 மரபணுவை அடையாளம் கண்டதே 1997இல்தான்.

என்னை உலுக்குவது வேறு. உள்ளே அவ்வளவு கொலஸ்ட்ரால் குவிந்திருந்தும், அந்தச் சேதி செல்லின் கொலஸ்ட்ரால் அளவைக் கண்காணிக்கும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. போதவில்லை என்றெண்ணி, செல் மேலும் மேலும் தயாரித்துக்கொண்டே இருக்கிறது.