1471-க்கான கால்சட்டை தயார்

இங்கிலாந்தின் டியூக்ஸ்பரியில் 1471 மே 4 அன்று நடந்த போரை, அந்த ஊரில் ஒவ்வொரு ஜூலையிலும் திரும்ப நடித்துக் காட்டுகிறார்கள். கூட்டம் வருவது வாளுக்கும் கவசத்துக்கும். நான் எடுத்துக்கொண்டது முகாமில் விறகு உடைத்து, அடுப்பைக் கவனிக்கும் வேலையாளின் வேடம். ஒரு படைக்குப் பின்னால் எத்தனை பேர் சமைத்தார்கள், சுமந்தார்கள், தைத்தார்கள் என்று யோசித்தால் அந்த ஆள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறான். அவன் உடம்பில் இருந்ததை எல்லாம் கையால் தைப்பது என்று ஆரம்பித்தேன்.

லினன் சட்டை சுலபமாகவே முடிந்தது. எல்லாம் சதுரமும் செவ்வகமும்தான். துணி வீணாவதே இல்லை.

நேரம் பிடித்தது ஹோஸ் எனும் கால்சட்டை. முந்தைய நூற்றாண்டில் இரண்டு கால்களும் தனித்தனி. 15-ஆம் நூற்றாண்டில் இரண்டையும் இணைத்து, முன்பக்கம் ஒரு துண்டு வைத்து மூடினார்கள். இது பின்னலாடை இல்லை, நெய்த கம்பளித் துணி. அது காலோடு ஒட்டி நிற்க வேண்டுமென்றால் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்ட வேண்டும். அப்போதுதான் துணி இழுபடும், முழங்கால் மடங்கும். முதலில் மலிவான பருத்தித் துணியில் வெட்டி, காலிலேயே குண்டூசி குத்தி, பின்பக்கத் தையல் கெண்டைக்கால் நடுவே நேராக இறங்கும்வரை திருத்தினேன். அப்புறம்தான் கம்பளியில் கத்திரி வைத்தேன். லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டுப் பின்தையல் போட்டால் தையல் இறுகி நிற்கிறது.

இதை இடுப்பில் நிறுத்த பெல்ட் கிடையாது. மேலே போடும் டப்லெட் எனும் இறுக்கமான சட்டையின் கீழ் ஓரத்தில் கண்கள், அதாவது கயிறு கோக்கும் சிறு துளைகள் இருக்கும். முனையில் பித்தளை மாட்டிய கயிறுகளால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். கண்ணுக்குத் துணியை வெட்டக் கூடாது. குத்தூசியால் இழைகளை விலக்கி, சுற்றிலும் நூலால் தைத்தால்தான் இழுவை தாங்கும்.

எல்லாக் கயிற்றையும் கட்டிக்கொண்டு விறகெடுக்கக் குனிந்தால் முதுகுப்பக்கம் பிடித்து இழுக்கிறது. அந்தக் காலத்து ஓவியங்களில் வேலை செய்கிறவர்கள் பின்பக்கக் கயிறுகளை அவிழ்த்துவிட்டு, உள்சட்டை வெளியே தெரிய நிற்பார்கள். அதை அலட்சியம் என்றுதான் நினைத்திருந்தேன். நானும் பின்கயிறுகளை அவிழ்த்தேன். தாராளமாகக் குனிய முடிந்தது. உடையை முழுசாகப் போட்டு வேலை செய்து பார்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

துணித் தேர்விலும் இந்த ஆளை விட்டு விலகவில்லை. 1463-இல் வந்த சட்டம் கூலியாட்களுக்குக் கெஜம் 2 ஷில்லிங்குக்கு மேல் விலையுள்ள துணியையும், 14 பென்ஸுக்கு மேற்பட்ட ஹோஸையும் தடை செய்தது. அதனால் சாயமிடாத சாம்பல் நிறக் கம்பளி. தொப்பிக்கு மட்டும் நம் மஞ்சிட்டிக்கு உறவான மேடர் வேரில் படிகாரம் போட்டுச் சிவப்பு ஏற்றினேன். கொதிக்க விட்டால் பழுப்படிக்கும். கை பொறுக்காத சூட்டிலேயே நிறுத்திவிட வேண்டும்.

சாப்பாடு பாட்டேஜ் எனும் கெட்டிக் கூழ்: காய்ந்த பட்டாணி, பார்லி, லீக் எனும் வெங்காய வகை, முட்டைக்கோஸ், உப்பு. கொலம்பஸ் கிளம்பியதே 1492-இல், ஆகவே உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் எதுவும் கிடையாது. விறகுத் தணலில் பட்டாணி கரையும்வரை விட்டால் மண்பானையில் நல்ல கெட்டியாக வருகிறது. வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கும் மீன் நாள் என்பதால் அன்று பன்றிக்கொழுப்பு சேர்ப்பதில்லை.

அடுத்தது காலணி. உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, நனைத்துப் புரட்டும் வகை. தோல் வாங்கியாயிற்று, பாதத்தின் அளவில் மர அச்சு செதுக்கிக்கொண்டிருக்கிறேன்.