விழுங்கிய தூண்டில் எங்கே கொழுவுகிறது: திருகோணமலையில் ஒரு பருவத்துக் குறிப்பு

போன வருடம் ஆவணியில் கிண்ணியாப் பாலத்தடியில் பிடித்த ஒரு செப்பலி மீனை வீட்டில் அரிந்தபோது, வயிற்றுச் சுவரில் வேறொரு தூண்டில் குத்தியிருந்தது. பாதி துருவாகிப் போயிருந்தது. அதைச் சுற்றிச் சதை தடித்து வளர்ந்திருந்தது. நீளத்துக்கு ஏற்ற கனம் அந்த மீனில் இல்லை. அது நான் இழந்த தூண்டிலாகவே இருக்கலாம். அந்த மாதத்தில் மட்டும் நாலு தடவை தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) அறுந்து மீன் போயிருந்தது. அறுந்து போன மீனுக்கு என்ன ஆகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அதனால் இந்த வருடம் வாடை ஓய்ந்து கடல் அடங்கியதும் ஒரு கொப்பி போட்டேன். எத்தனை மீன், எவ்வளவு கனம் என்பதை விட, தூண்டில் எங்கே கொழுவியிருந்தது என்பதைத்தான் முதலில் எழுதினேன்: உதடு, தாடை மூலை, தொண்டை, வயிறு. சனி, ஞாயிறு பின்னேரங்களில் இரண்டு கம்புகள், இரண்டிலும் ஒரே இரை, ஒரே ஈயம். ஒன்றில் நாம் எல்லோரும் பாவிக்கும் சாதாரண ஜே தூண்டில், ஆங்கில J எழுத்து மாதிரி வளைந்தது. மற்றதில் வட்டத் தூண்டில், அதாவது முனை வெளியே பார்க்காமல், நூல் கட்டும் நேரான காம்பை நோக்கி உள்ளே வளைந்திருப்பது.

முதல் இரண்டு வாரமும் வட்டத் தூண்டிலில் ஒரு மீன்கூட ஏறவில்லை. கொத்துவது கையில் தெரியும், சுண்டி இழுப்பேன், வெறும் தூண்டில் வரும். பக்கத்தில் தினமும் வந்து நிற்கும் வயதான ஐயா ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ ஏன் பறிக்கிறாய்? மீன் வாயில இருந்து நீயே பறிச்செடுக்கிறாய். விடு, அது திரும்பிப் போகேக்க தானே கொழுவும்."

வீட்டுக்கு வந்து ஒரு தடித்த துவாயை மடித்துப் பை மாதிரிப் பிடித்து உள்ளே தூண்டிலைப் போட்டு மெதுவாக இழுத்துப் பார்த்தேன். ஜே தூண்டில் உள்ளே தொட்ட இடத்திலேயே குத்திக்கொண்டது. வட்டத் தூண்டில் வழுக்கிக்கொண்டே வந்து, துணியின் விளிம்பில் திரும்பும்போது மட்டும் பிடித்தது. மீனிலும் இதுதான் நடக்கிறது. விழுங்கிய மீன் திரும்பி ஓடும்போது தூண்டில் தொண்டையில் இருந்து வழுக்கி வந்து வாய் மூலையில் உருண்டு தாடையைக் கொழுவுகிறது. சுண்டினால் அந்த உருளலுக்கு நேரமே கிடைக்காது. வட பசிபிக்கில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனைப் பிடிப்பவர்கள் 1980களின் தொடக்கத்தில் இந்தத் தூண்டிலுக்கு மாறியபோது அவர்களுடைய பிடிபாடு கூடியது. ஒரே நீண்ட நூலில் பல தூண்டில்கள் கட்டிப் போடும் நீள்தூண்டில் வள்ளங்களில் கடலாமைகள் விழுங்கி மாட்டுவதைக் குறைக்கவும் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

மூன்றாவது வாரம் கையைக் கட்டிப்போட்ட மாதிரி நின்றேன். 20 வருடப் பழக்கம், கொத்தியதும் முழங்கை தானாகவே மேலே போகும். கம்பைக் கல்லிடுக்கில் செருகிவிட்டு, வளையும் வரை பார்த்துக்கொண்டிருந்து, பிறகு ரீலை மட்டும் மெல்லச் சுற்றினேன். அன்று மூன்று விளைமீன், மூன்றுமே தாடை மூலையில். குறடு எடுக்கவே தேவைப்படவில்லை, விரலால் திருப்பினேன், கழன்றது.

பன்னிரண்டு பின்னேரங்கள் முடிந்தபோது கொப்பியில் இருந்த கணக்கு இது. ஜே தூண்டிலில் கரை ஏறியவை 21, அவற்றில் 8 தொண்டையிலோ வயிற்றிலோ கொழுவியவை. வட்டத் தூண்டிலில் ஏறியவை 18, ஆழமாகப் போனது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் பிறகு எடுத்துப் பார்த்தேன். கடைக்காரர் கலந்து கொடுத்திருந்ததில் அதன் முனை காம்பின் நேர்கோட்டில் இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. அப்படிச் சாய்ந்தால் வழுக்கிவரும் வழியில் எங்கேயாவது குத்திவிடும். இப்போது வாங்கும்போது ஒவ்வொன்றையும் மேசையில் படுக்கவைத்துப் பார்க்கிறேன். தட்டையாகப் படுத்தால்தான் எடுப்பேன்.

இரை போடுவதிலும் ஒரு பிழை விட்டேன். இறாலை முழுசாகக் கோர்த்து வளைவின் வாயை அடைத்துவிட்டால், தாடை நுழைய இடம் இல்லை. சூடை மீன் துண்டை ஓரத்தில் ஒரே ஒரு குத்துக் குத்தி, முனை வெறுமையாக நிற்க விட்ட பிறகுதான் கொழுவல் சீரானது.

ஆனால் ஓரா மீனுக்கு வட்டத் தூண்டில் சரிவராது. சின்ன வாய், விழுங்காமல் நுள்ளி நுள்ளித் தின்னும். அதற்குப் பழைய சின்ன ஜே தூண்டில்தான், கையில் கம்பு இருக்கவேண்டும், கண் மிதவையில் இருக்கவேண்டும். நேரே எதிர்மாறு சுங்கான் மீன். அது எதையும் யோசிக்காமல் விழுங்கும். ஜே தூண்டிலை ஆழமாக விழுங்கிய எட்டில் நாலு அதுதான். முள்ளுக்குப் பயந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு வயிற்றில் இருந்து தூண்டிலைக் கிளறுவது எனக்கும் அதற்கும் வதை.

தூண்டில் செய்த கம்பியின் தடிப்பையும் சொல்லவேண்டும். குடாவின் வாய் ஒடுக்கமாக இருப்பதால் பாலத்தடியில் நீர் இழுத்துக்கொண்டு ஓடும். அந்த ஓட்டத்தில் ஒரு பெரிய பாரை மெல்லிய கம்பியில் செய்த 2/0 அளவுத் தூண்டிலை நிமிர்த்திவிட்டுப் போனது. தூண்டில் கிட்டத்தட்ட ஊசியாகத் திரும்பி வந்தது. சரி என்று தடித்த கம்பிக்கு மாறினேன். இப்போது குத்தவில்லை. தங்கூசி ரப்பர் மாதிரி இழுபடும், என் கையின் பலத்தில் பாதி அந்த இழுவையிலேயே போய்விடுகிறது. இழுபடாத பின்னல் நூலுக்கு மாறி, நுனியில் மட்டும் இரண்டு பாகம் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம்) தங்கூசி கட்டிய பிறகு அதே தடித்த தூண்டில் நன்றாக இறங்கியது. தூண்டிலை மட்டும் தனியாக எடைபோட முடியாது, நூலும் அதன் பாதி.

செயற்கை இரையில் வரும் மூன்று முள் தூண்டிலை இந்தப் பருவத்தோடு விட்டுவிட்டேன். உள்ளங்கை அளவு பாரைக் குஞ்சு ஒன்று, ஒரு முள் வாயில், ஒரு முள் கண்ணில். கழற்றி முடிக்கும்போது அது அசையவில்லை. அன்றிரவே எல்லாவற்றையும் கழற்றி ஒற்றை முள் மாட்டினேன். சீலா மீன் சில தடவை தப்புகிறது. தப்பட்டும்.

யன்னலோரம் ஒரு ஜாம் போத்தலில் கடல்நீர் ஊற்றி மூன்று தூண்டில்களைப் போட்டு வைத்திருந்தேன். மண்ணிறப் பூச்சுள்ளது ஒரு வாரத்தில் துருப்பிடித்தது. வெள்ளைப் பூச்சுள்ளது ஒரு மாதம் தாங்கியது. துருப்பிடிக்காத எஃகு இன்னும் கடையில் வாங்கியபடியே மினுங்குகிறது. முன்பு காசு மிச்சம் என்று எஃகைத்தான் தேடி வாங்குவேன். இப்போது வாங்குவதில்லை. ஆழமாகப் போனால் கிளறாமல் நூலை வாயோரம் வெட்டிவிடுகிறேன், அப்படி விட்ட மீனுக்குத் தூண்டிலைப் பிடுங்கிய மீனை விடப் பிழைக்க வாய்ப்பு அதிகம். அதற்குள் இருக்கும் இரும்பு கரையக்கூடியதாக இருக்கட்டும்.

போன ஞாயிறு முதல் தடவையாக, தூண்டில் கழராமல் பிடித்துக்கொள்ள முனையருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிட்டுப் போட்டேன். இருட்டுகிற நேரம் ஒரு செப்பலி, முக்கால் கிலோ வரும், தாடை மூலையில். நூலைத் தளரவிடாமல் கொண்டுவந்தேன், போகவில்லை. அதற்கு முன் வந்த சின்னது ஒன்றைத் தண்ணீரிலேயே வைத்துத் தூண்டிலைத் திருப்பினேன். என் விரலில் ஒரு அடி அடித்துவிட்டுக் கல்லுக்குக் கீழே போனது.