அசனத்துக்கு முந்தின இரவு

திருநெல்வேலிப் பகுதிக் கிறிஸ்தவ சபைகளில் எல்லோரும் கூடி உண்ணும் பொது விருந்தான அசனப் பண்டிகை என்றவுடன் பலருக்கும் சோறும் கறிக்குழம்பும் நினைவுக்கு வரலாம். எனக்கோ முந்தின இரவுதான் நினைவுக்கு வருகிறது. ஆலய வளாகத்தில் பெண்கள் பாய் விரித்து அமர்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார்கள். வாலிபர்கள் விறகு சுமப்பார்கள். ஞாயிறுதோறும் காணிக்கை எடுக்கும் பெரியவர் அன்று அண்டாக்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார். யாரும் யாரையும் ஏவுவதில்லை.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு ஆலயத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தை என் ஆச்சி கடைசிவரை விடவில்லை. அது சிறிய காரியமென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டு, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்கள் அனுப்பப்பட்டபோது, அவர்களைத் தாங்கியது இத்தகைய எளிய விசுவாசிகளின் காணிக்கையே; வெளிநாட்டுப் பணத்தைச் சாராமல், இந்தியரின் பணத்தால், இந்தியரின் ஊழியத்தால், இந்தியரின் நிர்வாகத்தால் நடக்க வேண்டும் என்பதே அச்சங்கத்தின் கொள்கை. 1912-இல் தோர்ணக்கல்லின் முதல் பேராயரான அசரியாவும் அதன் நிறுவனர்களுள் ஒருவர். அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. பிடி அரிசி கொடுத்த பெண்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ஆச்சியின் கலயம் இப்போது எங்கள் அடுக்களையில் இருக்கிறது. சென்ற அசனத்திலிருந்து அதில் நானும் அரிசி போட்டு வருகிறேன்.