வெள்ளை இதழ், கருத்த சூலகம்

இன்று காலை தோட்டத்தில் ஓர் ஆப்பிள் பூவை நகத்தால் பிளந்து பார்த்தேன். இதழ்கள் வெள்ளை வெளேரென்று இருக்க, நடுவில் காயாக வேண்டிய சூலகம் மட்டும் உறைபனியில் கருத்துப் போயிருந்தது.

வழியில் போகிறவர்களுக்கு மரங்கள் பூத்துக் குலுங்குவதாகவே தெரியும்.

முழுதாக மலர்ந்த ஆப்பிள் பூ மைனஸ் 2 டிகிரியிலேயே சேதமடையத் தொடங்கும். மைனஸ் 4 டிகிரியை அரை மணி நேரம் தொட்டால் பத்தில் ஒன்பது பூக்கள் கருகிவிடும்.

உறைபனி புதிதல்ல. குளிர்காலம் வெதுவெதுப்பாகி, மரங்கள் முன்கூட்டியே பூத்துவிடுவதால், முன்பு இறுக மூடிய மொட்டுகளின் மேல் விழுந்த அதே பனி இப்போது விரிந்த பூக்களின் மேல் விழுகிறது.

பக்கத்துத் தோட்டத்தை வாங்கியவர் புதிதாக எதுவும் நடவில்லை, இருந்த மரங்களையும் பார்க்கவில்லை. விலை ஏறட்டும் என்று வேலி போட்டுவிட்டுப் போய்விட்டார். கவனிப்பாரற்ற அந்த மரங்களில் பெருகும் அந்துப்பூச்சிகளுக்கு வேலியெல்லாம் ஒரு பொருட்டா?

தாமதமாகப் பூக்கும் ரகங்களுக்கு மாறுங்கள் என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பெரிய ரக ஆப்பிள் மரம் காய்ப்புக்கு வர 5 முதல் 8 ஆண்டுகள் ஆகும். பழம் விற்ற காசில் நிலம் வாங்க முடியாத இளம் விவசாயிக்கோ குத்தகைதான் கதி, விற்பதற்காகவே நிலத்தை வைத்திருப்பவர் அத்தனை ஆண்டுகளுக்குக் குத்தகை எழுதித் தருவதில்லை.

மூன்றாண்டுக் குத்தகையில் கத்தரிக்காய் போடலாம், மரம் நட முடியாது.