ஆனி வெயிலை நம்பி ஒரு பேனல்

பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு. இறுதியாண்டு புராஜெக்ட்டை ஆய்வகத்துக்குள் செய்து முடித்துவிடக் கூடாது, அக்கம்பக்கத்தில் யாருக்காவது பயன்பட வேண்டும், அதுவும் சோலார் மாதிரி பசுமைத் தொழில்நுட்பமாக இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் நால்வருக்கும் வந்தது சிங்கப்பூரின் ஈசூன் பேட்டையில் 12 மாடி புளோக் ஒன்றின் பின்பக்கச் சமூகத் தோட்டம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு பேட்டைக்குப் பேட்டை முளைத்த தோட்டங்களில் இதுவும் ஒன்று. வெண்டை, கத்தரி, கறிவேப்பிலை, ஓரத்தில் பாண்டான்.

ஜூன் விடுமுறையில் போய் அளந்தோம். நல்ல வெயில். 50 வாட் பேனல், பேட்டரி, 12 வோல்ட் பம்ப், சொட்டுநீர்க் குழாய் என்று வரைந்தோம். குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கி முட்டி வலிக்கிறது என்று தோட்டத்துப் பாட்டி ஒருவர் சொன்னதைக் குறித்துக்கொண்டோம். வேறு எதுவும் அவரிடம் கேட்கவில்லை.

நவம்பரில் பொருத்தினோம். மூன்றாம் நாளே பேட்டரி காலி. பேட்டரி மேல் பழி போட்டோம், அப்புறம் பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் மேல். அதிலேயே ஒரு வாரம் போனது. நாங்கள் மல்டிமீட்டரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த பாட்டி, "தம்பி, ஆனி ஆடியில இங்க வெயில் அடிக்கும். கார்த்திகை வந்துட்டா ஒரு பொட்டு வெயில் விழாது. நான் தொட்டியெல்லாம் அந்தப் பக்கம் நகர்த்திட்டேன், பாக்கலையா?" என்றார்.

பார்க்கவில்லைதான். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.3 டிகிரி வடக்கே இருக்கிறது. ஜூனில் நண்பகல் சூரியன் உச்சிக்கு 22 டிகிரி வடக்கே நிற்கும், டிசம்பரில் 25 டிகிரி தெற்கே போய்விடும். தோட்டம் புளோக்குக்கு வடக்கே, எட்டு மீட்டர் தள்ளி. புளோக்கின் உயரத்தை 36 மீட்டர் என்று வைத்தால் டிசம்பர் நண்பகல் நிழலே 17 மீட்டர் நீளும். பள்ளிக்கூட முக்கோணவியல் கணக்கு, நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போதாததற்கு வடகிழக்குப் பருவமழை மேகம் வேறு.

சரி, பம்ப்பே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். 100 லிட்டர் பீப்பாயை ஒரு மீட்டர் உயரத்தில் ஏற்றி, வாரம் சில முறை ஹோஸ் வைத்து நிரப்பினால் மற்றதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு மீட்டருக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். குழாயில் பொருத்த நாங்கள் வாங்கிய சொட்டுவான்கள், அதாவது தண்ணீரைச் சொட்டவிடும் முனைகள், ஒரு பார் எதிர்பார்ப்பவை, சொட்டவே இல்லை. அவற்றைக் கழற்றிவிட்டுக் குழாயில் நேரடியாகத் துளையிட்டோம். தண்ணீரைத் திறந்து மூட வைத்திருந்த சொலினாய்டு வால்வும் (மின்காந்தத்தால் இயங்குவது) அந்த அழுத்தத்தில் திறக்க மறுத்தது. அதற்குப் பதில் மோட்டார் பந்து வால்வு போட்டோம். திரும்பும் சில நொடிகளுக்கு மட்டும் மின்சாரம் இழுக்கும் என்பதால் நிழலில் இருக்கும் 10 வாட் பேனலே போதுமானது.

நிரம்பிய பீப்பாயில் தண்ணீர் மட்டுமே 100 கிலோ, சாய்ந்தால் ஆபத்து. அதனால் தாங்கிக்கான அனுமதிக்குத்தான் அதிக நாள் ஆனது. டெங்கிக் கொசு வராமல் மூடியும் நுண்வலையும் போட்டோம்.

புராஜெக்ட்டில் என்ன கற்றோம் என்று எழுதும் ரிஃப்ளெக்ஷன் கட்டுரை என்றாலே எனக்கு வேப்பங்காய். 'சமூகத்துக்கு உதவினேன்' என்று இரண்டு பக்கம் நிரப்புவதுதான் வழக்கம். இந்த முறை நிழல் கணக்கையும், அதை யார் முதலில் சொன்னார் என்பதையும் எழுதினேன்.

பிப்ரவரியில் ஒப்படைத்தோம். வடிகட்டியை எப்படிக் கழுவுவது என்று தமிழிலும் சீனத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறோம், பாட்டிதான் கழுவுகிறார். சில வருடங்களில் பேட்டரி மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவு யாருடையது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.